கேன்சர் கட்டி சூடாக இருக்கும் என்றால், சூட்டை வைத்தே கண்டுபிடிக்கலாமே?

2025 ஜூன் 8, காலை: ஒரு வாசகரின் கேள்வி

"கட்டியில் இருக்கிற செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. அதற்கு அதிகச் சக்தி செலவாகும், செலவானால் வெப்பம் வரத்தான் செய்யும். அப்படியானால் திசு எவ்வளவு வெப்பம் உண்டாக்குகிறது என்று அளந்தாலே எது கட்டி, எது நல்ல திசு என்று தெரிந்துவிடுமே. ஊசி குத்த வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். இவ்வளவு எளிதான விஷயத்தை ஏன் யாரும் செய்வதில்லை? பெரிய கம்பெனிகள் விடுவதில்லையா?"

2025 ஜூன் 8, மதியம்

எழுபது வருடமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். கம்பெனிகள் ஒன்றும் தடுக்கவில்லை. ரத்தம்தான் விடமாட்டேன் என்கிறது. விவரமாக இரவு எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. சிமெண்ட் ஆய்வகத்தில் வேலை. சிமெண்டில் தண்ணீர் சேர்த்ததும் அது எவ்வளவு வெப்பம் விடுகிறது என்பதை மணிக்கணக்காக அளக்கிற கலோரிமீட்டர்தான் என் பிழைப்பு. அதே வகை இயந்திரத்தில் செல்களையும் போட்டு அளக்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து இந்தப் பித்து பிடித்திருக்கிறது.

2025 ஜூன் 8, இரவு

1956இல் மான்ட்ரியலில் ரே லாசன் என்ற அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோய் வந்த 26 பெண்களைப் பற்றி எழுதினார். கட்டிக்கு மேலே உள்ள தோல், மறுபக்கத்து மார்பின் அதே இடத்தைவிடச் சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் போலச் சூடாக இருந்தது. 1963இல் அவரும் இன்னொருவரும் ஒரு படி மேலே போய், கட்டியிலிருந்து வெளியே வருகிற ரத்தம் உள்ளே போகிற ரத்தத்தைவிடச் சூடு என்று காட்டினார்கள். இது முக்கியமான அளவீடு. தோலில் தெரிகிற சூடு எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். வெளியே வரும் ரத்தம் சூடு என்றால் கட்டி தானாகவே வெப்பம் உண்டாக்குகிறது என்று பொருள். ஆக, கேள்வி கேட்டவரின் அடிப்படை சரி.

அப்புறம் என்ன ஆயிற்று? 1973இல் அமெரிக்காவில் 29 மையங்கள், 2,80,000க்கு மேற்பட்ட பெண்கள் என்று ஒரு பெரிய பரிசோதனைத் திட்டம் ஆரம்பித்தார்கள். கையால் தடவிப் பார்ப்பது, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), தெர்மோகிராம் (தோலின் சூட்டைக் காட்டும் படம்) மூன்றும் அதில் இருந்தன. இருக்கிற கேன்சரில் பாதியைக்கூடத் தெர்மோகிராம் பிடிக்கவில்லை. திட்டம் முடிவதற்குள்ளேயே அதைக் கைவிட்டார்கள்.

26 பேரிடம் அவ்வளவு நன்றாக வேலை செய்தது லட்சக்கணக்கானவர்களிடம் ஏன் வேலை செய்யவில்லை? லாசன் பார்த்தது ஏற்கனவே கேன்சர் என்று தெரிந்து, அறுவைக்கு வந்தவர்களை. அந்த மார்பில் சூடு இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. தெருவில் போகிற ஆயிரம் பேரில் கேன்சர் உள்ள ஒருவரைச் சூட்டை வைத்துப் பிடிப்பது முற்றிலும் வேறு வேலை.

2025 ஜூன் 9

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கட்டி என்று வைத்துக்கொள்வோம். மார்பகத்தைக் கணினியில் மாதிரி செய்கிறவர்கள் நல்ல திசுவுக்குக் கன மீட்டருக்கு 450 வாட் என்றும், கட்டிக்கு 29,000 வாட் என்றும் போடுவது வழக்கம். அறுபது மடங்குக்கும் மேல். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் பிடித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அந்த உருண்டையின் கன அளவு அரை மில்லிலிட்டர்தான். மொத்தம் 15 மில்லிவாட். சின்ன எல்இடி பல்பு ஒன்றைக் கூட ஒழுங்காக எரிக்காது.

ரத்த ஓட்டமே இல்லை, திசு வழியாக வெப்பம் மெல்லக் கசிகிறது என்று வைத்துக்கொண்டாலும் கட்டியின் விளிம்பில் அரை டிகிரி ஏறும். மையத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் 0.08 டிகிரி. ரத்தம் ஓடினால் அதிலும் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போய்விடும். அறையில் மின்விசிறி சுற்றினால் தோலில் இதைவிடப் பெரிய மாற்றம் வரும்.

ஆகவே லாசன் பார்த்த 1 டிகிரியை வெறும் வெப்ப உற்பத்தியால் விளக்க முடியாது, குறைந்தது சின்னக் கட்டிகளில் முடியாது.

2025 ஜூன் 9, கொஞ்ச நேரம் கழித்து

எண்ணெய்க் குளியல் எடுத்தால் கட்டியின் சூடு தணியுமா என்று கேட்டவருக்கு: அது வேறு சூடு. அதற்கு என்னிடம் மீட்டர் இல்லை.

2025 ஜூன் 11

அப்படியானால் அந்த 1 டிகிரி எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு வீட்டுப் பரிசோதனை உண்டு. எங்கள் ஆலையில் மின்சாரப் பிரிவில் ஒரு தெர்மல் கேமரா இருக்கிறது. பேனலில் எந்த போல்ட் லூஸாகிச் சூடாகிறது என்று பார்க்க வைத்திருக்கிறார்கள். மதிய இடைவேளையில் அதை வாங்கிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டி வைத்தேன். முன்கையில் நரம்பு போகிற வழியெல்லாம் வெளிர் மஞ்சள் கோடு (நரம்பு என்று நாம் சொன்னாலும் அவை ரத்தக்குழாய்கள்தான்). விரல் நுனிகள் ஆரஞ்சு. பிறகு ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை வலது மேல்கையில் கட்டிக் காற்று ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் வலது விரல்கள் ஒவ்வொன்றாக ஊதா நிறத்துக்குப் போயின. இடது கை அப்படியே இருந்தது. காற்றைத் திறந்து விட்டதும் உள்ளங்கையில் முதலில் ஒரு திட்டு பளிச்சென்று வந்தது, பிறகு விரல்கள், கடைசியில் வலது கை முழுவதும் இடது கையைவிட வெளிறிப்போய், அதாவது அதிகச் சூடாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன், "சார், உங்க ஜாயின்ட்டுதான் லூஸு" என்றார்.

கையில் இருக்கிற தசை எதுவும் கூடுதலாக வேலை செய்யவில்லை, கேன்சரும் வரவில்லை. மாறியது ரத்தம் மட்டும்தான். உடம்பின் உள்ளே 37 டிகிரி, தோலில் 32, 33. உள்ளேயிருந்து வருகிற ரத்தம் தோலுக்கு வெந்நீர்க் குழாய். கட்டி புதிய ரத்தக்குழாய்களை முளைக்க வைக்கிறது, பக்கத்துக் குழாய்களை விரிய வைக்கிறது. தோலில் தெரிகிற சூட்டின் பெரும்பகுதி இதுதான் என்பது என் முடிவு. தெர்மோகிராமில் நாம் பார்ப்பது வெப்ப உற்பத்தியை அல்ல, குழாய் வேலையை.

கூடவே இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆழத்தில், திசு ஏற்கனவே 37க்குப் பக்கத்தில் இருக்கிற இடத்தில், அதே ரத்தம் கட்டியின் சூட்டை வாரிக்கொண்டு போகும். மேலே சூடாக்கும், உள்ளே குளிர்விக்கும். ஒரே ஆள் இரண்டு கட்சியிலும் இருந்தால் யாரை நம்புவது?

2025 ஜூன் 12

"கட்டி உண்மையிலேயே அதிக வெப்பம் உண்டாக்குகிறதா, அதைச் சொல்லுங்கள்" என்று மறுபடி கேட்கிறார்கள். எல்லோரும் நினைப்பது போல இது நேரான விஷயம் இல்லை.

1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் கட்டித் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, அவை எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன, எவ்வளவு லாக்டிக் அமிலம் விடுகின்றன என்று அளந்தார். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் கட்டிகள் குளுக்கோஸைப் பாதியில் நிறுத்தி லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகின்றன என்று கண்டார். (1931 நோபல் பரிசு அவருக்கு வேறு வேலைக்காக, சுவாச நொதிக்காகக் கிடைத்தது. இதற்குக் கிடைத்தது என்று வாட்ஸாப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம்.)

இதை வெப்பக் கணக்கில் பாருங்கள். ஒரு மோல் குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் சுமார் 2,800 கிலோஜூல். லாக்டிக் அமிலத்தோடு நின்றுவிட்டால் அதில் மிகச் சிறிய பங்குதான் வெளியே வரும். மீதியெல்லாம் அமிலத்திலேயே உட்கார்ந்து ரத்தத்தில் போய், கல்லீரலிலும் இதயத்திலும் வேறு யாரோ எரிக்கிறார்கள். அதாவது கட்டி குளுக்கோஸை விழுங்குகிற அளவுக்கு அதன் இடத்தில் வெப்பம் வராது. பெருந்தீனிக்காரன், ஆனால் சாப்பிட்டதை அங்கேயே செரிப்பதில்லை.

அதனால்தான் குளுக்கோஸ் விழுங்குவதை அளக்கிற பெட் ஸ்கேன் இவ்வளவு தூரம் வந்தது, வெப்பத்தை அளப்பது வரவில்லை. ஒரே எரிபொருளின் இரண்டு முனைகள். நுழைவாயிலில் நின்று எண்ணுவது சுலபம்.

2025 ஜூன் 14

ஜூன் 9இல் போட்ட 29,000 வாட் பற்றி இரண்டாவது யோசனை. இப்படிப்பட்ட எண்களுக்கு ஆதாரம் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்கில் மிஷேல் கோத்ரி செய்த வேலை, முக்கியமாக 1980இல் வெளியானது. மிக மெல்லிய ஊசி வெப்பமானிகளைக் கட்டிக்குள்ளேயே செலுத்தி அளந்தார். கட்டி இரட்டிப்பாக எத்தனை நாள் ஆகிறதோ, அதற்குத் தலைகீழாக வெப்ப உற்பத்தி இருக்கிறது என்றார். வெப்பத்தையும் நாட்களையும் பெருக்கினால் 32.7 லட்சம் என்ற மாறா எண். 50 நாளில் இரட்டிப்பாகிற முரட்டுக் கட்டிக்கு 65,400 வாட், 300 நாள் எடுத்துக்கொள்கிற சாதுவுக்கு 10,900.

இப்போது நல்ல உறுப்புகளோடு ஒப்பிடுங்கள். ஓய்வில் இருக்கும்போது கல்லீரல் கிலோவுக்கு ஏறக்குறைய 10 வாட், இதயமும் சிறுநீரகமும் 20க்குக் கொஞ்சம் மேல், தசை 0.6. ஒரு கன மீட்டர் திசு சுமார் ஆயிரம் கிலோ என்பதால் கல்லீரல் 10,000. ஆக, கோத்ரியின் கணக்குப்படியே மெதுவாக வளர்கிற கட்டி ஒரு சாதாரணக் கல்லீரல் துண்டு மாதிரிதான். மார்பகம் கொழுப்பு நிறைந்த சோம்பேறித் திசு, அதனால் பக்கத்தில் வைத்தால் கட்டி தெரிகிறது. கல்லீரலுக்குள்ளேயே ஒரு கட்டி இருந்தால் வெப்பத்தை வைத்து எப்படிப் பிரிப்பீர்கள்?

65,400ஐ நான் முழுதாக நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓயாமல் துடிக்கிற இதயத்தைப் போல மூன்று மடங்கு. ஊசி அளப்பது வெப்பநிலையை, வெப்ப உற்பத்தியை அல்ல. வெப்பநிலையிலிருந்து உற்பத்திக்குப் போக, ரத்தம் கொண்டுவந்தது எவ்வளவு, கொண்டுபோனது எவ்வளவு என்று கழிக்க வேண்டும். அந்தக் கழித்தலில் கொஞ்சம் பிசகினாலும் விடை எங்கேயோ போய்விடும். ஆனால் வேகமாக வளர்கிறவை அதிகச் சூடு என்ற வரிசையை நம்புகிறேன்.

2025 ஜூன் 14, இரவு

எங்கள் சிமெண்ட் உச்சத்தில் இருக்கும்போது கிலோவுக்கு 3 வாட் போல விடும். கல்லீரல் அதை மூன்று மடங்கு மிஞ்சுகிறது, அதுவும் ஆயுசு பூராவும். சூரியன் சராசரியாகக் கிலோவுக்கு 0.2 மில்லிவாட்தான். இந்த ஒப்பீட்டை மேலாளரிடம் சொன்னேன், ரசிக்கவில்லை.

2025 ஜூன் 17

இனி என் பேட்டைக்கு வருகிறேன். ரத்தம்தான் பிரச்சினை என்றால் திசுவை வெளியே எடுத்து, ரத்தம் இல்லாமல் கலோரிமீட்டரில் போட்டு அளந்தால் என்ன? இதுவும் நடந்த வேலை. ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இங்கேமார் வாட்ஸோ என்பவர் பல பத்தாண்டுகள் இந்த நுண் கலோரிமீட்டர்களை வடிவமைத்தார். எங்கள் ஆய்வகத்தில் நிற்பதும் அந்தப் பரம்பரையில் வந்ததுதான். அதே லுண்டில் 1980களில் மருத்துவர்கள் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) நோயாளிகளின் செல்களை எடுத்து அளந்தார்கள். செல் ஒன்றுக்கு வெப்பம் அதிகம் இருந்தால் நோயும் மூர்க்கமாகப் போகிற போக்கு தெரிந்தது.

ஒரு செல் சில பிக்கோவாட்டிலிருந்து சில பத்து பிக்கோவாட் வரை விடும் (பிக்கோவாட் என்பது ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). பத்து லட்சம் செல்களைச் சேர்த்தால் சில மைக்ரோவாட் முதல் சில பத்து மைக்ரோவாட் வரை, நல்ல கருவி அளந்துவிடும். ஆனால் பொறுமை வேண்டும். செல்கள் இருக்கிற ஆம்ப்யூலை (சின்னக் குப்பி) உள்ளே இறக்கியதும் திரையில் கோடு தலைதெறிக்க மேலே ஓடும். அது செல்லின் வெப்பம் இல்லை, நீங்கள் கையால் தொட்ட வெப்பம். அது அடங்கி, கோடு தட்டையாகிற வரை ஒன்றும் சொல்ல முடியாது. சிமெண்ட் அதுவரை காத்திருக்கும். வெட்டி எடுத்த திசு காத்திருக்காது, ஒவ்வொரு நிமிடமும் செத்துக்கொண்டிருக்கும். செல்கள் அடியில் போய்ப் படிந்து நெருக்கியடித்து ஆக்சிஜன் இல்லாமல் திணறும், வெப்பம் இறங்கும். பார்க்கிறவருக்கு "நல்ல திசு போல" என்று தோன்றும். வார்பர்க் சீவல்களை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வெட்டியதே ஆக்சிஜன் நடுவரை போய்ச் சேரட்டும் என்றுதான்.

போதாததற்குக் கட்டி என்பது கேன்சர் செல்கள் மட்டும் இல்லை. நோய் எதிர்ப்புச் செல்கள், நார்ச் செல்கள், நடுவில் செத்துப்போன பகுதி எல்லாம் கலந்த கலவை. கலோரிமீட்டர் மொத்தத் தொகையைச் சொல்லும், யார் எவ்வளவு போட்டார்கள் என்று சொல்லாது. திசுவைக் கையில் எடுத்துவிட்டீர்கள் என்றால் மைக்ராஸ்கோப்பில் வைத்து நோயியல் மருத்துவர் பார்த்தே சொல்லிவிடுவார். எதற்கு ஒரு நாள் காத்திருந்து வெப்பத்தை அளப்பது?

2025 ஜூன் 18

"சூடான நல்ல திசு வேறு உண்டா?" உண்டு, அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. பழுப்புக் கொழுப்பு. அதன் வேலையே வெப்பம் உண்டாக்குவது. பச்சைக் குழந்தைகளுக்கு நிறைய இருக்கும். பெரியவர்களுக்குக் கிடையாது என்றுதான் பாடம் நடத்தினார்கள். பெட் ஸ்கேனில் கழுத்திலும் காறை எலும்புப் பக்கமும் ஒளிர்கிற திட்டுகளைப் பார்த்து, கேன்சர் பரவிவிட்டதோ என்று குழம்பி, கடைசியில் இது குளிருக்கு விழித்துக்கொண்ட கொழுப்பு என்று கண்டுபிடித்தார்கள். பெரியவர்களுக்கும் உண்டு என்பது 2009இல் வந்த ஆய்வுகளால் உறுதியானது. ஸ்கேனுக்கு முன் கம்பளி போர்த்தி உட்கார வைக்கிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை காசநோய். காசநோய் வந்த நிணநீர்க் கட்டி பெட் ஸ்கேனில் கேன்சர் போலவே ஒளிரும். குளுக்கோஸை அளந்தாலும் சரி, வெப்பத்தை அளந்தாலும் சரி, "இங்கே யாரோ மும்முரமாக வேலை செய்கிறார்கள்" என்பதுதான் தெரியும். யார் என்று தெரியாது.

2025 ஜூன் 20

தோல் சூட்டைத் தாண்டி ஆழத்தைப் பார்க்க வழியே இல்லையா என்று கேட்டவருக்கு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆலன் பேரட் என்ற ரேடியோ வானியலாளர் இருந்தார். விண்மீன்களுக்கு நடுவே ஹைட்ராக்சில் மூலக்கூறை 1963இல் கண்டுபிடித்த குழுவில் ஒருவர். 1975இல் அதே நுட்பத்தைத் திருப்பி மனித உடம்பைப் பார்த்தார். சூடான எந்தப் பொருளும் மைக்ரோ அலையும் விடும், அது அகச்சிவப்பு போலத் தோலிலேயே நின்றுவிடாது, சில சென்டிமீட்டர் ஆழத்திலிருந்தும் வெளியே வரும். ஆண்டெனாவைத் தோலில் வைத்துக் கேட்கலாம். கேட்டார்கள். ஆழம் கிடைத்தது, ஆனால் படம் மங்கல், ஒரு ஆண்டெனா அகலத்துக்குள் எல்லாம் கலந்துவிடும்.

எனக்கு இதைவிடப் புத்திசாலித்தனமாகத் தோன்றுவது தோல் புற்றுநோயில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் செய்தது. மச்சத்தைச் சுற்றிக் கொஞ்ச நேரம் குளிர்ந்த காற்றை அடித்துவிட்டு, எது சீக்கிரம் பழைய சூட்டுக்குத் திரும்புகிறது என்று கேமராவில் பார்ப்பது. சும்மா இருக்கும்போது தெரியாத வித்தியாசம் மீண்டு வருகிற வேகத்தில் தெரியும். மெலனோமா என்கிற இந்தப் புற்றுநோய் தோலிலேயே இருப்பதால் ஆழப் பிரச்சினையும் இல்லை.

2025 ஜூன் 21

செல்லுக்குள் சக்தி உண்டாக்குகிற மைட்டோகாண்ட்ரியா 50 டிகிரியில் ஓடுகிறது என்ற செய்தியை மூன்று பேர் அனுப்பியிருக்கிறீர்கள். 2018இல் அப்படி ஒரு ஆய்வு வந்தது உண்மை. ஒளிரும் சாயத்தை வைத்து அளந்தது. என் கால்குலேட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. 100 பிக்கோவாட் விடுகிற ஒரு செல், சுற்றியுள்ள நீரைவிட ஒரு டிகிரியில் லட்சத்தில் ஒரு பங்குகூடச் சூடாக இருக்க முடியாது. சின்னப் பொருளிலிருந்து வெப்பம் கசிகிற வேகம் அப்படி. 2014இலேயே பிரெஞ்சு இயற்பியலாளர்கள் இந்த ஓட்டையை எடுத்துச் சொல்லிவிட்டார்கள். சாயம் வெப்பநிலையைத்தான் சொல்கிறதா, அல்லது அமிலத்தன்மை போன்ற வேறு எதையாவதா என்பதில்தான் சண்டை. ஒற்றைக் கேன்சர் செல்லைச் சூட்டால் பிரிப்பது என்ற கனவுக்கு இது பெரிய தடை.

2025 ஜூன் 25

முகாமில் தெர்மல் ஸ்கேன் செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு. என் சித்தி ஒரு முகாமுக்குப் போனார், யார் நடத்தியது என்பது வேண்டாம். வண்ணப் படம் ஒன்றைக் கொடுத்து, இடது பக்கம் மேலே சூடு அதிகம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். வீடே தூங்கவில்லை. மேமோகிராமில் ஒன்றும் இல்லை. பிறகுதான் விசாரித்தேன், பேரனை இடது தோளில் தூங்கப் போட்டுக்கொண்டே பஸ்ஸில் வந்து, இறங்கின கையோடு வரிசையில் நின்று, நேராகக் கேமரா முன்னால் போயிருக்கிறார். சட்டையைக் கழற்றிப் பதினைந்து நிமிடமாவது அறைச் சூட்டுக்குப் பழக விட வேண்டும், ஏசி காற்று ஒரு பக்கமாக அடிக்கக் கூடாது. எதையும் யாரும் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்துகிற எஃப்டிஏ 1982இல் தெர்மோகிராமை மேமோகிராமுக்குத் துணையாக மட்டும் அனுமதித்தது. 2017இலும் 2019இலும், மேமோகிராமுக்குப் பதிலாக இதைச் செய்துகொள்ளாதீர்கள் என்று வெளிப்படையாக எச்சரித்தது. பெங்களூரின் நிராமை மாதிரி, தெர்மல் படங்களைச் செயற்கை நுண்ணறிவால் படிக்கிறவர்கள் இப்போது வந்திருக்கிறார்கள். ரத்தக்குழாய் வடிவத்தையே கணினி கற்றுக்கொண்டால் பழைய தோல்வி அப்படியே திரும்பும் என்று சொல்ல முடியாது. அது கண்டுபிடிப்பது வெப்ப உற்பத்தியை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

செலவில்லாத வழிதான் வேண்டும் என்றால் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 20 வருடம் நடத்திய ஆய்வைப் பாருங்கள், முடிவு 2021இல் வந்தது. ஒன்றரை லட்சம் பெண்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. அதைவிட இளையவர்களில் பலன் தெரியவில்லை.

2025 ஜூன் 29

"அப்படியானால் வெப்பத்தை அளப்பதால் கேன்சரில் ஒரு பிரயோஜனமும் இல்லையா?" இதற்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். எது கட்டி என்று சொல்ல வெப்பம் லாயக்கில்லை. ஆனால் கட்டி என்று ஏற்கனவே தெரிந்த செல்களை எடுத்து, ஒரு ஆம்ப்யூலில் மருந்து போட்டும் இன்னொன்றில் போடாமலும் அளந்தால், மருந்து வேலை செய்கிறதா என்று கோடே இறங்கிக் காட்டும். சாயம் வேண்டாம், நிறம் வேண்டாம், செல் எந்த வகை என்றுகூடத் தெரிய வேண்டாம். ஒப்பிடுவது அதே செல்லை அதே செல்லோடு, அதனால் கல்லீரலா கொழுப்பா என்ற குழப்பமும் இல்லை. கிருமிகளுக்கு ஆன்டிபயாட்டிக் பலிக்கிறதா என்று சில ஆய்வகங்களில் இப்படியும் பார்க்கிறார்கள். நானே சிமெண்டில் ஒரு புதுக் கலவைப் பொருள் சேர்த்தால் இதைத்தான் செய்கிறேன், சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று, இரண்டு கோடு.

போனில் மாட்டுகிற தெர்மல் கேமரா வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: தாராளமாக வாங்குங்கள். மோட்டார் பேரிங், ஃப்யூஸ் பாக்ஸ் எல்லாம் பார்க்கலாம். அம்மாவை மட்டும் மேமோகிராமுக்குக் கூட்டிப் போங்கள்.